முட்டியில் நீர் எடுத்தார்களா? அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

வீங்கிய முழங்காலில் ஊசி செலுத்தி மருத்துவர் நீரை எடுக்கும்போது கூட இருப்பவர் அந்த சிரிஞ்சைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நீர் வைக்கோல் நிறத்தில், பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். ஊசிமுனையில் விடும் சொட்டு சட்டென்று விழாது, நூலிழையாக நீண்டு தொங்கும். மூட்டுக்கு வழுவழுப்பைத் தரும் ஹயலுரானிக் அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அதற்குப் பொருள். அழற்சி கடுமையாக இருந்தால் நீர் கலங்கியிருக்கும், சொட்டும் தண்ணீராக உடனே விழும்.

ஆரோக்கியமான முழங்காலில் இந்த நீர் மூன்று, நான்கு மில்லி இருந்தாலே அதிகம். அதில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 200க்குள் இருக்கும். தேய்மான மூட்டில் வழக்கமாக 2,000ஐத் தாண்டாது. முடக்குவாதம், யூரிக் அமிலம் படியும் கவுட் போன்றவற்றில் அதற்கு மேல் போகும். 50,000ஐத் தாண்டினால் கிருமித் தொற்று என்றே கருதி அன்றைக்கே சிகிச்சை தொடங்க வேண்டும், ஏனென்றால் சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழிந்துபோகும். எண்ணிக்கை குறைவாக இருப்பதை வைத்து மட்டும் தொற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதற்காகத்தான் நீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை. காய்ச்சலோடு முட்டி சிவந்து, சூடாகி, காலை ஊன்ற முடியாமல் போனால் பத்துப் போட்டும் எண்ணெய் தடவியும் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆக, நீர் எடுத்தால் அணுக்களின் எண்ணிக்கை, படிகங்கள், கல்ச்சர் ஆகிய மூன்றுக்கும் அனுப்பினார்களா என்று கேளுங்கள். வீக்கம் வற்றட்டும் என்று எடுத்துக் கீழே கொட்டிவிட்டால் ஒரு நல்ல தடயம் வீணாகிறது.

எலும்பும் எலும்பும் உரசுவதுதான் தேய்மானம் என்ற எண்ணம் முழு உண்மை இல்லை. மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய உறை வீங்கி, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களை நீரில் சுரக்கிறது. அவை குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. எக்ஸ்ரேயில் தேய்மானத்தை இன்றும் நாம் தரம் பிரிப்பது 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் வகுத்த முறையில்தான். அதில் ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மருதமலை படியேறுகிறார், இன்னொருவரால் டவுன் பஸ் படிகூட ஏற முடிவதில்லை. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை அழற்சி விளக்குகிறது.

அப்படியானால் நீரிலுள்ள இந்த அழற்சிப் பொருட்களை அளந்து நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லிவிடலாமா? இன்றைக்கு முடியாது. சில ஆய்வுகளில் நோய் முற்ற முற்ற அளவு கூடுகிறது, சிலவற்றில் கூடுவதில்லை. இவை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துக்குரிய சோதனைகள். இதைக் காட்டி உங்களுக்கு விலையுயர்ந்த பரிசோதனையோ ஊசித் தொகுப்போ யாராவது பரிந்துரைத்தால், இதன் முடிவால் என் சிகிச்சையில் என்ன மாறும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

கொங்குப் பகுதியில் முழங்கால்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முழுக்க நின்ற பெண்களும், குத்துக்காலிட்டுக் களை எடுத்தவர்களும், பவுண்டரியில் பளு தூக்கியவர்களும் ஐம்பது வயதுக்குள்ளேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். அவர்களில் பலர் முதலில் போவது மருந்துக் கடைக்கு. “மேலெல்லாம் வலிக்குதுங்க, ஒரு செட்டு மாத்திரை குடுங்க” என்றால் காகித உறையில் நாலைந்து உதிரி மாத்திரைகள் வந்துவிடும். பெயர் இருக்காது, காலாவதி தேதி இருக்காது. டைக்ளோபினாக் வகை வலி மாத்திரையோடு பல நேரங்களில் ஸ்டீராய்டும் அதில் இருக்கும். வலி உடனே குறைவதால் வாரா வாரம் வாங்குகிறார்கள். சில மாதங்களில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு பலவீனமாகிறது. ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இந்த வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. பெயர் ஒட்டாத சூரணத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஊசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், போட்ட முதல் சில நாட்களில் சர்க்கரை ஏறலாம். 2017இல் அமெரிக்காவில் 140 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டுக்கொண்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்தது. வலியிலோ உப்பு நீர் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பி ஊசியை 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அதுவும் உப்பு நீரைவிட மேலாக இல்லை. ஸ்டெம் செல் ஊசியோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே மூட்டுத் தேய்மானத்துக்குப் போடக்கூடாத ஒன்று.

அழற்சியை உண்மையிலேயே குறைப்பது எடைக் குறைப்பும் பயிற்சியும்தான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 454 பேர் 18 மாதங்கள் கலந்துகொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்திப் பயிற்சியும் செய்தவர்களுக்கு ரத்தத்தில் இன்டர்லூகின்-6 குறைந்தது, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலியும் குறைந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து விநாடி கீழே அழுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, தினமும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அறுவை சிகிச்சைதான் வழி என்றால், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. செயற்கை மூட்டுக்குத் தேசிய மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்ட் 16 அன்று உச்ச விலை விதித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று விதித்தது 54,720 ரூபாய், வரி தனி. மூட்டின் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை ஆகியவை பில்லில் தனியாக இருக்க வேண்டும். ‘இம்பிளான்ட் சார்ஜ்’ என்று ஒரே வரியில் தொகை போட்டிருந்தால் விவரம் கேளுங்கள். ஆணையத்தின் புகார் எண் 1800 111 255. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதன் கீழ் மூட்டு மாற்று செய்துகொள்ளலாம். விவரத்துக்கு 1800 425 3993.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால் அவர்களுடைய பழைய இஎஸ்ஐ அட்டையைத் தேடி எடுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவரும் அவருடைய துணைவரும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் இஎஸ்ஐ மருத்துவத்தைத் தொடரலாம். நகையை அடகு வைக்கப் போகுமுன் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு ஒருமுறை போய் விசாரித்துவிடுங்கள்.