பியானோவுக்குள் ஓர் அட்டைத் துண்டு! தெரியுமா?

தங்கவயல் ஊரிகத்துக்காரர்களிடம் 1902 என்று சொன்னால் என்ன நினைவுக்கு வரும்? கரண்ட்! சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிவந்து அங்குள்ள தங்கச் சுரங்கங்களில் ஏறிய வருஷம். சரி, அதற்கு அடுத்த வருஷம் பாரீஸில் என்ன நடந்தது தெரியுமா? இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸி 'பகோடாக்கள்' என்று தனிப் பியானோவுக்கு ஒரு இசையை எழுதினார். 1889 பாரீஸ் உலகக் கண்காட்சியில் ஜாவாக்காரர்கள் தட்டிய கமெலான் வெண்கல ஓசை அவர் காதைவிட்டு இறங்கவே இல்லை! அந்த இசையின் ஆரம்பத்தில் வரும் ஐந்து சுரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: அசல் மோகனம்!

டெபுஸியை 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்று உலகமே அழைக்கிறது. அந்தப் பட்டம் அவருக்குத் துளியும் பிடிக்காது என்பது தெரியுமா? அவர் இந்தியாவுக்கு வந்ததும் இல்லை. ஆனாலும் 1911 டில்லி தர்பாரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தில் கண்ட சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, நிலவொளியில் தரிசனம் தரும் மாடத்தைப் பற்றி ஒரு பியானோ முன்னிசையே எழுதிவிட்டார்!

இனி ரெக்கார்டு சமாச்சாரம். ஒரே கீர்த்தனையை அரியக்குடி பாடியது, செம்மங்குடி பாடியது என்று அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுச் சண்டை போடுகிறோம் அல்லவா, அதே கிறுக்கு பியானோ ரசிகர்களுக்கும் உண்டு. டெபுஸியின் 'மூழ்கிய தேவாலயம்' 1910-ல் அச்சானது. அச்சில் உள்ளபடி வாசித்தவர்கள் நடுப்பகுதியை ஆமை வேகத்தில் நகர்த்தினார்கள். டெபுஸியோ அதைத் தானே வாசித்து, 'வெல்ட்டே மின்யோன்' கம்பெனியின் துளையிட்ட காகிதச் சுருளில் பதித்து வைத்திருந்தார். அதைத் தானியங்கிப் பியானோவில் ஓடவிட்டால், சில பகுதிகளில் வேகம் அப்படியே இரட்டிப்பு! அச்சில் அதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. குருமுகமாகக் கேட்காமல் புத்தகத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி என்று நம் பாட்டு வாத்தியார்கள் சிரிப்பார்கள்.

சுருளையும் கண்ணை மூடி நம்பிவிடக் கூடாது! டெபுஸி காலத்து இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ரவேல் வாசித்ததாகப் பெயர் போட்டு வெளிவந்த 'தூக்குமேடை', 'டொக்காட்டா' சுருள்களில் ஓடியது யார் விரல் தெரியுமா? ரொபேர் கஸாதெஸூ! தானே எழுதியவை என்றாலும், இவற்றை வாசிப்பது ரவேலின் கைக்கே எட்டாத வேலை.

இருங்கள், பெரிய ஆச்சரியம் இனிமேல்தான். ரவேலின் மாணவர் மோரிஸ் டெலாஜ் 1912-ல் இந்தியா வந்தார். இங்கே அவரை மயக்கியது பாடகி கோயம்புத்தூர் தாயியின் கிராமபோன் தட்டு. தாயி பாடியிருந்தது வள்ளலாரின் அருட்பா, ராகமாலிகையாக. டெலாஜ் அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு, குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதி, 'ராகமாலிகா' என்றே பெயரும் வைத்தார். பிரெஞ்சுப் பாடகிகள் தமிழ் வார்த்தைகளைப் பாட வேண்டும்! அதோடு விட்டாரா? நம் தாளவாத்தியத்தின் மழுங்கிய 'தொம்' வேண்டும் என்று பியானோவின் ஒரு மந்தர சுரத் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொன்னார்! அமெரிக்காவின் ஜான் கேஜ் பியானோத் தந்திகளுக்கு நடுவே திருகாணி செருகிப் புகழ்பெற்றது 1940 வாக்கில். கால் நூற்றாண்டு முந்திக்கொண்டது நம் அருட்பா!

'ராகமாலிகா'வில் குரலும் உண்டு, இது தனிப் பியானோ இசை இல்லையே என்று சிலர் முறைக்கலாம். முறைக்கட்டும். எனக்கு இதுதான் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பியானோவில் கேட்ட மிக விநோதமான 'தொம்'.

தாயி 1917-ல் மறைந்தார், டெபுஸி 1918-ல். இருவர் பதிவுகளும் இன்று நம் கைபேசிக்கே வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தாயி, டெலாஜ், டெபுஸியின் சுருள் என்று வரிசையாகக் கேளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் தாயி!