முழுத் துணிக்கு யார் பொறுப்பு?

தொழிலாளர் திறம்படப் பணிபுரிய வேண்டுமாயின் ஸ்தாபனம் அவர்களுக்கு என்ன செய்து தர வேண்டும்? கூலியை உயர்த்துக என்பார் சிலர். மேற்பார்வையை இறுக்குக என்பார் சிலர். புதிய இயந்திரம் வாங்குக என்பார் வேறு சிலர். இம்மூன்றுக்கும் இடமுண்டு. ஆயினும் இம்மூன்றாலும் தீராத ஒரு குறை உண்டு என்பதை ஆமதாபாத் காலிகோ ஆலையின் அனுபவம் காட்டுகின்றது. அது தறியைப் பற்றிய செய்தியாதலால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்.

சாராபாய் குடும்பத்தாருக்குரியதாயிருந்த அவ்வாலை 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகளை ஒரு கொட்டகையில் நிறுவியது. தறிகள் 224; ஆட்கள் 29 பேர்; வேலைகளோ 12 வகை. நெய்பவர், தார் நிரப்புபவர், பாவில் கூட்டமாய் இழைகள் அறுந்தால் பிணைப்பவர், தறியைச் செப்பனிடும் ஜாபர், எண்ணெயிடுபவர், பெருக்குபவர், துணியைச் சுமந்து செல்பவர் என ஒவ்வொரு செயலும் ஒவ்வொருவரிடம் பிரித்தளிக்கப்பட்டது. ஒருவரால் எத்தனை தறிகளைக் கவனிக்க இயலும் என்று அளந்தே இவ்வேற்பாடு செய்யப்பட்டது. எனினும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. பழைய தறிகளைக் காட்டிலும் புதியவை மேல் என்று சொல்லத்தக்க நிலை ஏற்படவில்லை.

லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் அக்கொட்டகையை ஆராய்ந்தார். நெய்பவர் ஒருவருக்கு 24 அல்லது 32 தறிகள். தார் நிரப்புபவருக்கு 40 அல்லது 50. வேறு சிலருக்கு 224 தறிகளும். ஆகவே எந்த நெசவாளிக்கு எந்தத் தார்க்காரர் துணை என்பது திட்டமாய் அமையவில்லை. ஒரு நெசவாளியின் தறிகளுக்கு ஒருவர் பாதியும் மற்றொருவர் மீதியுமாகத் தார் நிரப்ப நேரும். நூல் ரகம் மாறி இழைகள் அதிகம் அறுந்தால், ஒருவருக்கு வேலை குவியும்; அடுத்தவருக்கு அதில் அக்கறை கொள்ளக் காரணமில்லை. துணி பழுதாயின் 29 பேரில் எவரும் 'இது என் துணி' என்று சொல்வதற்கில்லை.

கைத்தறி வீட்டில் இந்நிலை எழுவதில்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தார் சுற்றும் மனைவிக்கும், பாவு பிணைக்கும் தந்தைக்கும், நெய்யும் மகனுக்கும் சேலை ஒன்றே. இழை முறுக்கில் பிழையிருந்தால் அன்று மாலையே வீட்டில் வழக்கு எழும்; மறுநாள் தீரும்.

ரைஸ் சொன்ன யோசனை மிக எளியது. ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவினர் பொறுப்பில் முழுதும் விட்டுவிடுவது. அதற்குள் யார் எதைச் செய்வது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வது. 1953இல் இது நடைமுறைக்கு வந்தபோது, தொழிலாளர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துத் தாங்களே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். ஆட்களும் தறிகளும் மாறவில்லை. புதிய முறை நிலைபெற்றபின், சராசரி 80 சதவிகிதமாயிருந்த தறித்திறன் 95 ஆயிற்று. 32 சதவிகிதமாயிருந்த பழுது 20க்கு இறங்கிற்று. பழுது முற்றும் ஒழியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மாய வித்தை எதுவும் நிகழ்ந்துவிடவில்லை.

பலர் இவ்விடத்திலேயே கதையை முடித்துவிடுவர். நமக்கோ பின்பகுதியே பெரிதாகப் படுகிறது. 1970இல் அதே நிலையத்தைச் சேர்ந்த எரிக் மில்லர் மறுபடியும் அவ்வாலைக்குச் சென்று பார்த்தார். ஒரு கொட்டகையில் குழு முறையும் அதன் பயனும் ஏறக்குறைய அவ்வாறே நீடித்திருந்தன. மற்ற இடங்களிலோ முறை தேய்ந்து பழைய வழிக்கே திரும்பியிருந்தது. குழு தன் வேலையைத் தானே நடத்திக்கொள்வதற்கு வேண்டிய சூழலை நிர்வாகம் காத்துத் தரத் தவறியதே அதற்குக் காரணமென்று அவர் கண்டார். ஒரு முறை அறிவித்துவிட்டால் போதும் என்று எண்ணும் நிர்வாகக் குழுக்கள் நம் சங்கங்களிலும் உண்டு. ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. அது வேறு கதை.

சங்கத்துப் பட்டறைகளில் சாயமிடுவோர், பாவு ஓட்டுவோர், நெய்வோர் ஆகியோரைத் தனித்தனிப் பதிவேட்டில் எழுதிக் கூலி கணக்கிடும் வழக்கம் உள்ள இடங்களில், ஒரு பாவுக்கு ஒரு குழு என்று ஓராண்டு நடத்திப் பார்க்கலாமென்று நினைக்கிறோம். இடையில் ஆள் குறைந்தால் குழுவைக் கேளாமல் அதிலிருந்து ஒருவரை வேறிடத்துக்கு அனுப்புவதில்லை என்பதை முதலிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். கூலியை எவ்வாறு பங்கிடுவது என்பதில் கருத்து வேற்றுமை வரும். அதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். காரியதரிசி அந்நாளில் வெளியூர் போயிருந்தாலும் குற்றமில்லை.