சாவியைத் தொடாதீங்க! பல வருஷம் தூங்கிய ஸ்போர்ட்ஸ் காரை எழுப்புவது எப்படி?

காரைக்கால்:

வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் காரை கொல்வது எது? துருவா? எலியா? இரண்டும் இல்லை. சொந்தக்காரரின் அவசரம்தான்!

காரைக்காலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் பஞ்சம் இல்லை. மகன் பிரான்சில். மருமகன் வளைகுடாவில். கார் மட்டும் ஷெட்டில், படுதாவுக்குள்ளே தூங்கும்.

லீவில் ஊருக்கு வருகிறவர் முதல் நாளே என்ன செய்கிறார்? பக்கத்து வீட்டு காரில் இருந்து ஒயர் போட்டு பேட்டரிக்கு உயிர் கொடுக்கிறார். சாவியைத் திருகுகிறார். 'கடக்... கடக்' என்று ஒரு சத்தம். அத்தோடு சரி! சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்தில் போய் நிற்கும்.

காரணம் இதுதான். ஓடாத என்ஜினில் ஆயில் எல்லாம் வடிந்து அடியில் போய் தங்கி விடும். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். துருவும் பிடித்திருக்கும். அந்த நேரம் சாவியைத் திருகினால் இரும்போடு இரும்பு உரசும். ரிங் உடையும். சுவர் கீறிப் போகும்.

உப்புக் காற்று சும்மா விடுமா?

காரைக்கால் கடலோர ஊர். கடல் காற்றில் வரும் உப்பு காரின் அடியில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் படுதா போட்டால் காருக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் வேர்த்துக் கொட்டும். காற்று புகும் பருத்தித் துணிதான் நல்லது.

அமெரிக்காவில் நடந்த கதையைக் கேளுங்கள். 1957-ம் ஆண்டு டல்சா நகரில் புத்தம் புதிய பிளைமவுத் பெல்வெடேர் காரை கான்கிரீட் அறைக்குள் இறக்கி மண்ணில் புதைத்தார்கள். '50 வருஷம் கழித்து எடுப்போம்' என்று திட்டம். 2007-ல் தோண்டினார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. வெளியே வந்தது கார் அல்ல, துரு மூட்டை! கான்கிரீட்டுக்கே அந்தக் கதி என்றால் கீற்று ஷெட்டுக்கு?

கோவாவில் பிறந்த 'குட்டிக் கார்'

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் வெளிநாட்டு கார்தான் என்று நினைக்க வேண்டாம். 1998-ல் கோவாவில் இருந்து 'சான் ஸ்டார்ம்' என்ற காரை வெளியிட்டார்கள். 2 பேர் உட்காரலாம். கூரையைத் திறக்கலாம். என்ஜின், பிரான்ஸ் நாட்டு ரெனோ. உடல், கண்ணாடி இழை.

'கண்ணாடி இழை துருப்பிடிக்காதே' என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். மேலே பளபளப்பு இருக்கும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் அரித்துப் போயிருக்கும். குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த காரின் உற்பத்தி நின்று போய் பல வருஷம் ஆகிறது. இப்படிப்பட்ட காரில் ஒரு சாமான் உடைந்தால் ஊர் ஊராக அலைய வேண்டும். அதனால்தான் ஸ்போர்ட்ஸ் காருக்கு கூடுதல் பொறுமை தேவை.

முதலில் குச்சி, பிறகு ஸ்பானர்

ஷெட்டைத் திறந்ததும் வெறுங்காலோடு உள்ளே போகாதீர்கள். வயல் எலி சீட்டுக்குள்ளும், காற்று வடிகட்டியிலும், புகைக்குழாயிலும் கூடு கட்டும். எலி இருக்கும் இடத்துக்கு பாம்பு வரும். ஷூ போட்டு, குச்சியால் தட்டிப் பார்த்து விட்டு கை வையுங்கள். எலி கடித்த ஒயர் ஒன்று இருந்தாலும் போதும், தீப்பிடிக்க!

அடுத்து பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு பழைய பெட்ரோலை முழுதும் இறக்குங்கள். பெட்ரோல் சில மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும். நாளானால் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்க பரவி விட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்க் உள்ளே துரு ஏறும். பழைய ரப்பர் குழாய் ஊதி வெடிக்கும். ஆகவே பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றி விடுங்கள். இறக்கிய பெட்ரோலை சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு பீடி நெருப்பு போதும், தெருவே பற்றும்!

கையால் சுற்று!

இப்போதுதான் என்ஜின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 2, 3 ஸ்பூன் ஆயில் விடுங்கள். ஒரு நாள் ஊறட்டும். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் அதிர்ஷ்டம். சுற்றாவிட்டால் மல்லுக்கு நிற்காதீர்கள். இன்னும் ஆயில் விட்டு காத்திருங்கள். காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது, கயிறு கட்டி இழுப்பது எல்லாம் கூடவே கூடாது.

என்ஜினில் டைமிங் பெல்ட் இருந்தால், 1,000 கிலோ மீட்டர்தான் ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். ரப்பருக்கு ஓட்டக் கணக்கு மட்டும் அல்ல, வயசுக் கணக்கும் உண்டு. ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு வளைந்து விடும்.

ஆயில், வடிகட்டி, ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் புதுசு. பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். அப்புறம்தான் சாவி!

உயிருக்கு உலை வைக்கும் 3

என்ஜின் போனால் பணம் போகும். இந்த மூன்றில் கோட்டை விட்டால் உயிரே போகும்.

ஒன்று, புகை. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலை சுற்றும், மயக்கம் வரும், அப்படியே சாவு. காரை வெளியே தள்ளி வந்து, பக்கத்தில் தீயணைப்புக் கருவி வைத்துக் கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டு, பிரேக். பிரேக் ஆயிலும் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். சூடானால் அந்தத் தண்ணீர் ஆவியாகும். மிதித்தால் மிதி தரை வரை போகும், கார் நிற்காது! ஆயில், ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் மாற்றிய பிறகே சக்கரம் உருள வேண்டும்.

மூன்று, டயர். பட்டன் தேயவில்லை என்று ஏமாறாதீர்கள். டயர் பக்கவாட்டில் 4 எண் இருக்கும். '2316' என்றால் 2016-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. 10 வருஷம் தாண்டிய டயரை வீசி விடுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் வேகம் அதிகம். வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார்.

காகிதமும் தூங்கியிருக்கும்!

கார் எழுந்து விட்டது என்று நேரே கடற்கரைக்கு கிளம்பி விடாதீர்கள். சொந்த காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை காரைக் காட்டி புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம். மோதி விட்டால் நஷ்ட ஈடு முழுதும் உங்கள் தலையில்.

தொடாமல் விட்டதற்கு 1 கோடியே 63 லட்சம்!

பொறுமைக்கு என்ன விலை? பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணையில் சுமார் 60 பழைய கார்கள் கேட்பாரற்றுக் கிடந்தது 2014-ல் தெரிய வந்தது. அதில் 1961-ம் வருஷத்து பெராரி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. அதன் மேலே பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பாலிஷ் போடவில்லை. படிந்த தூசியோடு 2015 பிப்ரவரியில் பாரீசில் ஏலம் விட்டார்கள். போன விலை, சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோ!

நம் ஊர் ஷெட்டில் பெராரி இல்லாமல் இருக்கலாம். அப்பா ஓட்டிய பியட் இருக்கும், அண்ணன் விட்டுப் போன ஸ்கூட்டர் இருக்கும். அதற்கும் இதே வைத்தியம்தான். சாவியை ஆணியிலேயே மாட்டி வையுங்கள். முதலில் நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.