எழுத்து எழுத்தாக ஓர் உரையாடல்

சென்ற வாரம் டெலிபிரிண்டர் தந்தி அலுவலகங்களின் வேலையை எப்படி மாற்றியது என்று பார்த்தோம். வேகமான புதிய இயந்திரங்கள் வந்ததும் பழைய டெலிபிரிண்டர்கள் அமெரிக்காவில் காயலான் கடைக்குப் போகத் தொடங்கின. அவற்றை அங்கிருந்து மீட்டுத் தொலைபேசியாக மாற்றியவர்கள் காதுகேளாதவர்கள். கிரகாம் பெல் காதுகேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அப்படிப்பட்டவர் 1876இல் காப்புரிமை பெற்ற கருவி, காதுகேளாதவர்களுக்கு மட்டும் எண்பத்தெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 1964இல்தான் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காதுகேளாத இயற்பியலாளர் அதைத் திறந்தார். பல் சீரமைப்பு மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும் பொறியாளர் ஆண்ட்ரூ சாக்ஸும் அவருக்குத் துணை நின்றார்கள். அவர்கள் இருவருக்கும் காது கேட்காது. அந்நாளில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தன் கம்பிகளில் பிறர் கருவிகளை இணைக்க விடாது. ஆகவே வைட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை. தொலைபேசியின் கைப்பிடியை ஒரு பெட்டியின் மேல் வைத்தால், டெலிபிரிண்டரில் தட்டும் எழுத்துகள் ஒலியாக மாறிக் கைப்பிடிக்குள் போகும். மறுமுனையில் அதே போன்ற பெட்டி ஒலியைத் திரும்ப எழுத்தாக்கும். இந்த அமைப்புக்கு டி.டி.ஒய். என்று பெயர் நிலைத்தது.

இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். தொலைபேசி அழைப்பை அழைப்பாக்குவது குரல் அல்ல. இருவரும் ஒரே கணத்தில் இணைப்பில் இருப்பதும், ஒருவர் சொல் உருவாகும்போதே மற்றவரைச் சென்றடைவதும்தான் அதன் உயிர். அது எழுத்திலும் சாத்தியம். அப்படி ஓடும் எழுத்தை, முழுதாக எழுதி முடித்து அனுப்பும் குறுஞ்செய்தியோடு ஒன்றாக வைத்து, ‘அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று ஒதுக்குவது பிழை. கணினி வலைப்பின்னல் தொலைபேசியை விழுங்கிய கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தப் பிழை பலமுறை நடந்திருக்கிறது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் காதுகேளாதவர்களும் பேச இயலாதவர்களும்.

டி.டி.ஒய். எளிய கருவி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து பிட். ஐந்து பிட்டில் முப்பத்திரண்டு குறிகள்தான் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கே அது சரியாகிவிடும் என்பதால், எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் தனி அடுக்கு உண்டு. ‘இனி எண்கள்’, ‘இனி எழுத்துகள்’ என்று அடுக்கை மாற்ற ஒரு குறியை அனுப்ப வேண்டும். வேகம் நொடிக்கு 45.45 பிட், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆங்கிலச் சொற்கள். ஒருவர் தட்டும்போது மற்றவர் தட்டக் கூடாது. தட்டினால் இரண்டு ஒலியும் கலந்து குழம்பும். ஆகவே தன் முறை முடிந்ததும் ‘ஜி.ஏ.’ என்று தட்டி எதிராளியைப் பேச அழைப்பார்கள், விடைபெறும்போது ‘எஸ்.கே.’ என்பார்கள். இத்தனை குறைகளோடும் இந்தக் கருவி ஒரு சமூகத்தையே தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. 1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், டி.டி.ஒய். வைத்திருப்பவரும் குரல் தொலைபேசி வைத்திருப்பவரும் ஓர் இடையாள் மூலம் பேசிக்கொள்ளும் சேவையை 1993க்குள் நாடு முழுதும் கட்டாயமாக்கியது. இடையாள் எழுத்தைப் படித்துக் குரலில் சொல்வார்; குரலைக் கேட்டு எழுத்தில் தட்டுவார்.

பிறகு தொலைபேசி இணையத்தின் மேல் ஏறியது. குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒன்றாக, பொட்டலம் கட்டி அனுப்புவதே ஐ.பி. தொலைபேசியின் முறை. வழியில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தாலும் மென்பொருள் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். கேட்பவர் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. டி.டி.ஒய்.க்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதன் ஒரு பிட் 22 மில்லிநொடி நீளம். தொடக்கக் குறி, ஐந்து பிட், முடிவுக் குறி எல்லாம் சேர்ந்தால் ஓர் எழுத்து எட்டு அல்லது ஒன்பது பொட்டலங்களில் பரவிக் கிடக்கும். அவற்றில் எது தொலைந்தாலும் எழுத்து சிதைந்துபோகலாம். ஆக, காதுக்குத் தெரியாத ஒரு சதவீத இழப்பு, எழுத்தில் எட்டு சதவீதப் பிழையாக வீங்குகிறது. சிதைந்தது அடுக்கு மாற்றும் குறியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அடுத்த மாற்றுக் குறி வரும்வரை எழுத்துகளெல்லாம் எண்களாகவும் எண்களெல்லாம் எழுத்துகளாகவும் வந்து விழும். வீட்டு எண்ணையோ மருந்தின் அளவையோ சொல்லும் இடத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கு மேல், மனிதக் குரலைச் சுருக்கி அனுப்புவதற்காகவே செதுக்கப்பட்ட கோடெக் நிரல்கள் டி.டி.ஒய்.யின் 1400, 1800 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சிதைத்தே கடத்தின. புதிய வலைப்பின்னலைக் கட்டியவர்களுக்கு யாரையும் வெளியே தள்ளும் எண்ணம் இல்லை. ஆனால் தொலைபேசி என்றால் குரல் மட்டுமே என்று அவர்கள் எடுத்துக்கொண்டதால், கதவு மறுபடி மூடத் தொடங்கியது.

இதற்கான விடை காலதாமதமின்றியே எழுதப்பட்டுவிட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்தை ஒலியாக்கி, ஒலியைப் பொட்டலமாக்கி அனுப்புவானேன்? எழுத்தை எழுத்தாகவே பொட்டலத்தில் வைக்கலாமே. 1998இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டி.140 என்ற தரத்தை வெளியிட்டது. அதை இணையத் தொலைபேசியின் பொட்டலங்களில் ஏற்றும் முறை 2000இல் வந்தது, 2005இல் ஆர்.எஃப்.சி. 4103 என்ற ஆவணமாகச் செப்பம் பெற்றது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் சுவீடனைச் சேர்ந்த குன்னார் ஹெல்ஸ்ட்ரோம். நிகழ்நேர எழுத்து, சுருக்கமாக ஆர்.டி.டி., என்பது இதுதான். தட்டிய எழுத்துகள் ஏறத்தாழ 300 மில்லிநொடிக்கு ஒருமுறை கிளம்புகின்றன. ஒவ்வொரு பொட்டலமும் புதிய எழுத்துகளோடு, முந்தைய இரண்டு பொட்டலங்களின் எழுத்துகளையும் திரும்பச் சுமந்து செல்கிறது. ஆகவே அடுத்தடுத்து மூன்று பொட்டலங்கள் தொலைந்தால்தான் ஓர் எழுத்து தொலையும். பத்தில் ஒன்று வீதம் தொடர்பின்றித் தொலையும் மோசமான வலைப்பின்னலிலும் அதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இணையத்தில் பொட்டலங்கள் பெரும்பாலும் கொத்தாகவே தொலையும் என்பது உண்மை. ஆனால் 300 மில்லிநொடி இடைவெளி இருப்பதால் சின்னக் கொத்துகள் மூன்று நகல்களையும் ஒருசேர விழுங்க முடியாது. அப்படியும் தொலைந்துவிட்டால், அந்த இடத்தில் ‘இங்கே ஏதோ விடுபட்டது’ என்ற குறி தோன்றும். டி.டி.ஒய்.யில் தவறான எழுத்து சரியான எழுத்தின் வேடத்தில் வந்தது. இங்கே இழப்பு இழப்பாகவே தெரிகிறது; படிப்பவர் திரும்பக் கேட்கலாம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இதை வடிவமைத்தவர்களை வணங்கலாம். முறை வைத்துப் பேசும் கட்டாயமும் ஒழிந்தது: இருவரும் ஒரே நேரத்தில் தட்டலாம், இடைமறிக்கலாம், அதே அழைப்பில் குரலிலும் பேசலாம்.

எல்லோர் கையிலும் வாட்ஸப் இருக்கும்போது இது எதற்கு என்பது முதல் மறுப்பு, நியாயமான கேள்விதான். அன்றாட விசாரிப்புக்குச் செய்திச் செயலி போதும். காதுகேளாதவர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் செயலி என்பது இருவரும் ஒரே நிறுவனத்தின் வாசலில் நிற்கும்போது மட்டும் திறக்கும் கதவு. தொலைபேசி எண் அப்படியல்ல. எந்த நிறுவனத்தின் எண்ணிலிருந்தும் எந்த எண்ணையும் கூப்பிடலாம். குறுஞ்செய்திக்கு அந்தப் பொதுத்தன்மை உண்டு, ஆனால் அது சேமித்து வைத்துப் பிறகு அனுப்பப்படுவது. எப்போது போய்ச் சேரும் என்ற உறுதி அதற்குக் கிடையாது. அவசர உதவி அழைப்பை எண்ணிப் பாருங்கள். மூச்சுத் திணறும் ஒருவர் தெருவின் பெயரைத் தட்டுகிறார். வீட்டு எண்ணை எட்டுமுன் கை ஓய்கிறது. குறுஞ்செய்தியில் அவர் எழுதிய எதுவும் யாருக்கும் போகவில்லை, அனுப்பும் பொத்தானை அவர் அழுத்தவே இல்லை. நிகழ்நேர எழுத்தில் தெருவின் பெயர் அப்போதே உதவி மையத்தின் திரையில் இருக்கிறது. இணைப்பு திறந்தே இருப்பதால், எழுத்து நின்றுபோனதும் மறுமுனைக்குத் தெரியும்.

பாதி எழுதிய சொல்லை, அழித்துத் திருத்துவதை எதிராளி பார்ப்பது அந்தரங்கத்தைக் குலைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். குலைக்கலாம். பேச்சிலும் தடுமாற்றமும் திருத்தமும் கேட்கத்தான் செய்கின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டுதான் தொலைபேசியை எடுக்கிறோம். யோசித்து எழுத விரும்புபவருக்குச் செய்தி இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பேசுவது மனிதருக்குப் பழக முடியாத ஒன்றும் அல்ல: 1973இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் உருவான டாக்கோமாட்டிக் அரட்டையும், பிறகு யூனிக்ஸ் கணினிகளில் வந்த ‘டாக்’ நிரலும் அப்படித்தான் இயங்கின. அவற்றை விரும்பிப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் காது நன்றாகக் கேட்பவர்கள்.

சைகை மொழிக்குக் காணொளி அழைப்பு வந்துவிட்டதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் காணொளிக்கு ஈடில்லை. அதைக் குறைத்து எழுத்தைத் திணிப்பது அநீதி. ஆனால் நடுவயதில் கேட்கும் திறனை இழந்தவருக்குச் சைகை மொழி பெரும்பாலும் தெரியாது. பக்கவாதத்தால் பேச்சை இழந்தவருக்கும் தெரியாது. பார்வையும் கேட்டலும் இல்லாதவர் எழுத்தைப் பிரெயில் திரையில் விரலால் படிக்க முடியும். காணொளியை எப்படிப் பார்ப்பார்? இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. படம், எழுத்து, குரல் மூன்றும் ஒரே அழைப்பில் சேர்ந்து ஓடுவதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் முழு உரையாடல் என்ற பெயரில் எப்போதோ வரையறுத்துவிட்டது. குரலைத் தானாக எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் இதே விடைதான். அது உதவும், நாளுக்கு நாள் மேம்படுகிறது. ஆனால் பெயர்களிலும் எண்களிலும்தான் அது அதிகம் சறுக்குகிறது. பேச இயலாதவருக்கு அது ஒன்றுமே செய்யாது. அதில் நாம் படிப்பது கணினியின் ஊகத்தை. நிகழ்நேர எழுத்தில் படிப்பது மனிதர் தட்டியதை.

பயன்படுத்துவோர் சிலர்தானே, செலவு எதற்கு என்பார்கள். ஓட்டை விழுந்த பாலத்தில் நடப்போரை எண்ணிப் பாலமே வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? கேட்கும் திறன் இழப்புக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். கைபேசியின் மென்பொருளிலேயே அடங்கும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2016 டிசம்பரில் விதி வகுத்து, பெரிய கைபேசி நிறுவனங்கள் 2017 முடிவுக்குள் இதைத் தொடங்க வழி செய்ததும் ஐபோனிலும், அடுத்து ஆண்ட்ராய்டிலும் இது வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு அணுகல் சட்டம், 2025 ஜூன் 28 முதல் குரல் சேவையோடு நிகழ்நேர எழுத்தையும் தர வேண்டும் என்கிறது. தொழில்நுட்பம் இருபது ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. அதைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது விதிதான். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 50 லட்சம் பேர் கேட்டல் குறைபாட்டோடு வாழும் இந்தியாவுக்கும் அப்படியொரு கட்டாய விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. ஐந்து பிட் டி.டி.ஒய்.யில் தமிழுக்கு இடமே இல்லை. டி.140 யூனிகோடைக் கடத்துவதால் தமிழ் முழுதாகப் போகும். ஆனால் விசைப்பலகையைப் பொறுத்து அனுபவம் மாறும். தமிழ்99 விசைப்பலகையில் ககரம் தோன்றி, அடுத்த தட்டலில் அது ‘கொ’ ஆகும். படிப்பவருக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் விசைப்பலகைகளோ சொல் முடியும்வரை எழுத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கக் கூடும். அப்போது ஓட்டம் சொல்லுக்குச் சொல் தாவலாகிவிடும். தமிழ் விசைப்பலகை செய்பவர்கள் இதைக் கவனித்தாக வேண்டும்.

இன்னும் முடிக்கப்படாத வேலை ஒன்று இருக்கிறது, அது அவசர உதவி மையங்களில். அமெரிக்காவில் 911 அழைப்பை ஏற்கும் பல மையங்களின் கருவிகள் பழையவை. நிகழ்நேர எழுத்தை அவை நேரடியாக வாங்காது. ஆகவே வழியில் ஒரு நுழைவாயில் அதை டி.டி.ஒய். ஒலியாக மாற்றி அனுப்புகிறது. புதிய கைபேசியிலிருந்து கிளம்பும் எழுத்து, கடைசி மைலில் ஐந்து பிட்டுக்குள் சுருங்குகிறது. இருவரும் ஒரே நேரத்தில் தட்ட முடியாத கட்டுப்பாடும் திரும்ப வந்துவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் 112 மையங்களுக்கு 2027 ஜூன் 28 வரை அவகாசம் எடுத்துக்கொள்ளலாம் என்று அணுகல் சட்டமே இடம் கொடுக்கிறது. கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திய அரசுகள், தங்கள் சொந்த மையங்களுக்கு மட்டும் கூடுதல் காலம் எடுத்துக்கொள்கின்றன. அந்த மையங்கள் எப்படி இயங்குகின்றன, அழைப்பவர் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)