மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம்

கடலிற் செல்லும் கலங்களைக் கரைந்தழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம் எனப்பட்டது. ஈண்டுக் கரைதல் என்பது அழைத்தல் என்னும் பொருளது; காக்கை கரைந்தது என்னும் வழக்கிலும் அப்பொருளே உளது. கலம், கரை எனப் பிரித்துக் கடற்கரையைக் குறித்ததாகக் கொள்வார் இச்சொல்லின் உயிரையே இழந்துவிடுவர். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை புகார்க் கடற்கரையின் விளக்குகளுள் இதனையும் எண்ணுகின்றது. பெரும்பாணாற்றுப்படையோ, நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தில், ஏணி சார்த்தியும் ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் இட்ட தீ, கலங்களை அழைத்தமையைக் கூறும். அந்நீர்ப்பெயற்றே மாமல்லபுரம் என்பார் அறிஞருள் சிலர்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி ஏறத்தாழ 55 கிலோமீற்றர் செல்வோர் மாமல்லபுரத்தை அடைவர். அங்குள்ள குன்றின்மீது இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, கருங்கல்லால் வட்டவடிவில் எழுந்த கலங்கரைக் கோபுரம். மற்றொன்று, மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, சிகரம் இழந்து நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில். 1887ஆம் ஆண்டில் முதல் விளக்கு ஏற்றப்பட்டது அக்கோயிலின் கூரையிலேயாம். புதிய கோபுரம் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1904ஆம் ஆண்டிலாகும். 2011ஆம் ஆண்டில் அது பொதுமக்கள் ஏறிக் காணத் திறந்துவிடப்பட்டது.

விளக்கிற்குக் குன்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் யாது? நிலவுலகம் உருண்டை வடிவினதாதலின், தாழ்ந்த ஒளி தொலைவிலுள்ளார்க்கு அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும். நீர்மட்டத்திற்கு மேல் 9 மீற்றர் உயரத்திலுள்ள விளக்கின் அடிவானம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். 36 மீற்றராயின் 21 கிலோமீற்றர். உயரம் நான்கு மடங்காகத் தொலைவு இருமடங்காகின்றது. உயரம் மாத்திரம் போதாது. ஒளி சிதறாது ஒருமுகப்படுதலும் வேண்டும். இதற்கெனப் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1822ஆம் ஆண்டளவில் கண்ணாடி வளையங்களை அடுக்கிய வில்லையை அமைத்தார். மேலும், ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய கால இடைவெளியில் மின்னுமாறு அமைக்கப்படுதலால், மாலுமி அதனை எண்ணியே தான் எக்கரையை அணுகினான் என்பதை அறிவான்.

இனி, பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கமே ஒலக்கண்ணேசுவரம் எனக் கூறுவாரும் உளர். அது பொருந்துவதன்று. சுவர்களில் தட்சிணாமூர்த்தியும், கயிலையைப் பெயர்க்கும் இராவணனும் விளங்க, எட்டாம் நூற்றாண்டளவில் எழுந்த அது சிவன் கோயிலே. சங்கநூல் கூறும் மாடமோ அதற்குப் பன்னூறாண்டு முந்தியது. பழமையைப் போற்றுதல் வேறு; வெவ்வேறு காலத்தனவற்றை ஒன்றாக்குதல் வேறு.

ஆயினும், கோபுரத்தில் ஏறிக் கடலைக் கண்டு மகிழ்வோருட் பலர் அருகிருக்கும் கோயிலைப் பாராமலே இறங்கிவிடுகின்றனர். புதிய கோபுரம் எழுமுன்னர்க் கலங்களைக் கரைந்தழைத்த ஒளியைத் தலைமேற் சுமந்தது அக்கோயிலே என்பதை அறிந்தோர், அதனை ஒருகணமேனும் நின்று நோக்காது செல்லார்.