ஒரே ஒரு பந்து
(பந்தெறிந்தவர்கள் – 9)

ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கும் பந்தெறிவாளர்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ஆறு ஏழு இன்னிங்ஸ் உழைத்துக் களைத்த அவர்களிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, ஓரிரு ஓட்டங்களே மிஞ்சியிருக்கும் முன்னிலையைக் கடைசி எதிராளி ஆட்டமிழக்கும் வரை கட்டிக் காக்கும் பொறுப்பு ‘ரிலீவர்’ எனப்படும் வேறொரு வகையினருடையது. பேஸ்பால் சரித்திரத்தில் அப்பொறுப்பை மாரியானோ ரிவேராவைப் போல் நிர்வகித்தவர் எவருமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

1969-ல் பனாமாவில் பிறந்து, புவெர்ட்டோ கைமிட்டோ என்னும் மீனவக் கிராமத்தில் வளர்ந்து, தகப்பனார் தலைவராயிருந்த படகிலேயே வலையிழுத்த அந்த இளைஞரை, 1990-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியார் சொற்பத் தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1995-ல் ஆரம்பப் பந்தெறிவாளராக அவர் சோபிக்கவில்லை. மறு வருஷம், கடைசி இன்னிங்ஸை எறிந்துவந்த ஜான் வெட்லண்டுக்கு முன்னோடியாக வந்து எதிரிகளைத் திணறடித்தார். 1997-ல் கடைசி இன்னிங்ஸ் அவருடையதாயிற்று.

அந்த வருஷத்தில்தான், சக வீரர் ரமிரோ மென்டோசாவுடன் சாதாரணமாகப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராகச் செல்ல வேண்டிய வேகப்பந்து கடைசி க்ஷணத்தில் தானாகவே விலகி ஓடத் தொடங்கியது. அதை நேராக்கப் பயிற்சியாளரும் அவரும் செய்த பிரயத்தனங்கள் பலிக்கவில்லை. தெய்வ பக்தரான ரிவேரா அதைக் கடவுளின் பிரசாதமாகவே ஏற்றுக்கொண்டார். ‘கட்டர்’ எனப்படும் அந்தப் பந்து, இடக்கை ஆட்டக்காரரின் கண்ணுக்கு மட்டையின் நடுப்பாகத்தை நோக்கி வருவது போலவே தோன்றி, அவர் வீசி முடிப்பதற்குள் கைப்பிடியருகே புகுந்துவிடும். முறிந்த மட்டைகளுக்குக் கணக்கில்லை. 2013-ல் மின்னசோட்டா அணியார் அத்தகைய மட்டைத் துண்டுகளைக் கொண்டே ஓர் ஆடும் நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தார்கள். பல வித்தைகள் கற்றவர்கள் தடுமாறும் இடத்தில், இன்ன பந்துதான் வரப்போகிறது என்று எதிரி அறிந்திருந்தும் ஜயித்தாரே, அந்த அபூர்வத்தை நான் எத்தனை எண்ணினாலும் அலுப்பதில்லை.

ஆயினும் அவருடைய தோல்வி ஒன்றைச் சொல்லாமல் இச்சரிதம் பூர்த்தியாகாது. 2001 நவம்பரில், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 2–1 என்ற முன்னிலையோடு அரிஸோனா அணிக்கு எதிரே ஒன்பதாவது இன்னிங்ஸை எறிய வந்தார். தரையில் மெல்லத் தட்டப்பட்ட பந்தொன்றை எடுத்து இரண்டாவது பேஸுக்கு அவரே தவறாக எறிந்தார். டோனி வோமாக்கின் அடியில் ஓட்டங்கள் சமமாயின. பிறகு லூயிஸ் கான்ஸலெஸுக்கு எறிந்த கட்டர், வழக்கம்போல் உள்ளே புகுந்து மட்டையின் கைப்பிடிப் பக்கமே பட்டது. ஆனால் ஓட்டத்தைத் தடுக்க வேண்டி உட்பக்கக் காவலர்கள் முன்னே நெருங்கி நின்றிருந்தபடியால், வலுவின்றி எழும்பிய பந்து அவர்கள் தலைக்கு மேலாகச் சென்று புல்லில் விழுந்தது. அதற்கு முன், வழக்கமான பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பின்பருவ ஆட்டங்களில் தொடர்ந்து 23 முன்னிலைகளைக் காத்தவர் அவர். பந்து தன் கடமையைச் செய்தது. ஆட்டம் மட்டும் போய்விட்டது.

இத்தகைய அடியில் மனமுடைந்து மங்கிப்போன ரிலீவர்கள் உண்டு. ரிவேராவோ அதே பந்தை அதே நிதானத்தோடு மேலும் பன்னிரண்டு வருஷம் எறிந்தார். 2012-ல் கான்ஸாஸ் சிட்டியில் பயிற்சியின்போது முழங்காலின் தசைநார் அறுந்தது. இப்படி ஓய்வு பெறக் கூடாதென்று மறு வருஷம் திரும்பி வந்து, நாற்பத்து மூன்று வயதில் 44 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்தார். மொத்தம் 652, அந்த எண்ணிக்கையை இதுவரை ஒருவரும் எட்டவில்லை. பின்பருவத்தில் 141 இன்னிங்ஸில், காவலர் பிழையால் வந்தவை நீங்கலாக, அவர் கணக்கில் ஏறிய ஓட்டங்கள் பதினொன்றே. 2019-ல் புகழ்மண்டபத்துக்காக வாக்களித்த 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள். பேப் ரூத்துக்கும் கிட்டாத ஏகமனதான தேர்வு அது.

(தொடரும்)