மருந்துக்குப் பின்னால் மடிந்த உயிர்கள்

நம் வீடுகளில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் பலர். 1921-இல் கனடாவின் டொரண்டோ நகரில், பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களின் கணையத்தை அகற்றிச் சோதித்தே அம்மருந்துக்கு வழி கண்டனர். நாய்கள் பல மடிந்தன. மறு ஆண்டு, சாகக்கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மனித உயிரைக் காக்க உதவும் ஆய்வு, நியாயமான வரம்புக்குள் ஏற்கத்தக்கதே. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதோ மனித மாண்புக்கே எதிரானது என நம் திருஅவையின் மறைக்கல்வி (எண்கள் 2417, 2418) கற்பிக்கிறது. முகப்பூச்சுக்காக முயலின் கண்ணில் வேதிப்பொருளைச் சொட்டுவது எந்த உயிரைக் காக்கும்? அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடைசெய்தது நன்றே.

இன்சுலினுக்காக மடிந்த உயிர்களை நன்றியோடு நினைப்போம். நம் ஆடம்பரத்திற்காக எந்த உயிரும் துடிக்க இடம் கொடாதிருப்போம்.